சாரம் வாடகைக்கா, விலைக்கா? சொந்தமாக வீடு கட்டுவோரின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கான்ட்ராக்டர் இல்லாமல், தாங்களே ஆள் வைத்து வீடு கட்டுகிறவர்கள் சாரம் (கொத்தனார் உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டுகிற பைப் அல்லது கம்புக் கட்டு) பற்றிக் கேட்டவை இவை. கேட்டவரின் ஊர் முதலில், கீழே பதில்.

கோட்டையூர்: தரைத்தளமும் மேலே ஒரு மாடியும் கட்டுறேன் அண்ணே. ஒரு கொத்தனார், ரெண்டு சித்தாள். வேலை எப்படியும் பத்து மாசம் இழுக்கும். பைப்பை விலைக்கே வாங்கிடலாமா?

பத்து மாசமும் சாரம் நிற்கப் போவதில்லையே தம்பி. தரையிலிருந்து அஞ்சடி வரை கல்லுக்கட்டுக்குச் சாரமே வேண்டாம். அதற்கு மேல் லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே வரும் உத்தரம்) வரைக்கும், உள்பூச்சுக்கும் இரும்பு ஸ்டாண்டு நாலும் பலகையும் போதும். வெளிச்சுவர் முழுக்கச் சாரம் நிற்பது வெளிப்பூச்சுக்கும் பெயின்டுக்கும் மட்டும்தான். அந்த நாளை எண்ணுங்கள்.

கணக்கு இப்படி: வாங்கும் விலையில், வேலை முடிந்து விற்றால் கிடைப்பதைக் கழியுங்கள். மிச்சத்தை ஒரு நாள் வாடகையால் வகுங்கள். வருகிற நாளுக்கு மேல் சாரம் நிற்குமென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் வாடகை. இரும்பு கடைசியில் எடைக்காவது போகும் என்பதால் கழிக்கிற தொகை சின்னதாக இருக்காது.

ஒரே கொத்தனார் என்றால் வீட்டின் நாலு பக்கமும் ஒன்றாகச் சாரம் கட்டாதீர்கள். ஒரு ஆள் ஒரு பக்கத்தில்தான் நிற்பார், மூணு பக்கத்து வாடகை சும்மா ஓடும். ஒரு பக்கத்துக்கு உண்டான சாமானை எடுத்துச் சுற்றிக் கொண்டுபோங்கள். பலகையை மட்டும் சொந்தமாக வாங்கிவிடுங்கள். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வேலை இருக்கும், பிறகு அட்டத்துக்கும் (பரணுக்கும்) ஆகும்.

புதுவயல்: ஒரு பக்கம் 40 அடி நீளம், 20 அடி உயரம். கடையில் போய் என்னென்ன, எத்தனை என்று கேட்பது?

இரட்டைச் சாரம், அதாவது சுவரைத் துளைக்காமல் இரண்டு வரிசைக் கால் நிற்கும் சாரம், என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன். கால்களுக்கு இடையே 6 அடி 8 அங்குலம் விட்டால் 6 கட்டம், 7 இடம், இரண்டு வரிசைக்கு 14 கால். இரண்டு வரிசைக்கும் இடைவெளி மூன்றரை அடி. ஆள் நிற்கும் தட்டு 5½, 11, 16 அடி உயரங்களில்.

20 அடி பைப்: காலுக்கு 14, நீளவாட்டில் 12, கைப்பிடிக்கு 4, சாய்வுக்கு 4. மொத்தம் 34. குறுக்குப் பைப் 5 அடியில் 27. சன்னல் வழியே சுவரோடு பிணைக்க 7 அடியில் 4, உள்ளே குறுக்கே போட 5 அடியில் இன்னும் 4. இரண்டு பைப்பை நேர்க்குறுக்காகப் பிடிக்கிற ஃபிக்ஸட் கிளாம்ப் கணக்கில் 122 வரும், 130 கேளுங்கள். சாய்வுப் பைப்புக்கு எந்தக் கோணத்திலும் சுற்றுகிற கிளாம்ப் 15. நீளப் பைப்பை இணைக்கும் ஸ்லீவ் 8. காலுக்கு அடியில் வைக்கும் இரும்புத் தகடு, அடித்தட்டு, 14.

பைப் வெளிவிட்டம் 48.3 மி.மீ., கனம் 3.2 மி.மீ. என்றால் மீட்டருக்கு 3.56 கிலோ. கிளாம்போடு சேர்த்து எல்லாம் ஒரு டன்னைத் தாண்டும். குட்டியானையில் (சின்னச் சரக்கு வண்டியில்) ஒரே நடை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எடையும் ஏறாது, 20 அடி பைப் பின்னால் பாதி தொங்கும்.

புதுவயல் (மறுபடி): குறுக்குப் பைப் 27 எதுக்கு? 7 இடம், 3 தட்டு, 21 தானே? கடைக்காரர் அப்படித்தான் சொல்றார்.

அந்த 21 சாரம் நிற்க. மிச்சம் 6 பலகை தாங்க. ஒன்றரை அங்குலப் பலகை அஞ்சடிக்கு மேல் தாங்கல் இல்லாமல் போகக்கூடாது. உங்கள் கட்டம் 6 அடி 8 அங்குலம், அதனால் ஆள் நிற்கிற தட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒன்று. தட்டு ஏற ஏற அந்த 6-ஐயும் மேலே கொண்டுபோகலாம்.

பலகையில் இன்னொரு சூட்சுமம். 10 அடிப் பலகை கேட்பதுதான் வழக்கம். இந்த அளவுக்கு 11 அடிதான் சரி. தாங்கல் ஒவ்வொன்றும் 3 அடி 4 அங்குலத்தில் வருவதால், மூணு இடைவெளி சேர்ந்தால் சரியாகப் பத்தடி. 11 அடிப் பலகை இரண்டு பக்கமும் அரையடி வெளியே நிற்கும், அடுத்த பலகை அதன் மேல் ஏறி உட்காரும். 10 அடிப் பலகையின் நுனி பைப்பின் விளிம்பில் ஒரு அங்குலம்தான் தொட்டு நிற்கும், மிதித்தால் தட்டிவிடும். நுனி வெளியே நீட்டுவதும் பலகைக் கனத்தின் நாலு மடங்குக்கு மேல் போகக்கூடாது. ஒன்றரை அங்குலத்துக்கு அது ஆறு அங்குலம். 9 அங்குல அகலத்தில் வரிசைக்கு 4 வீதம் நாலு வரிசை, 16 பலகை.

ஒரு கட்டத்தில் இரண்டு ஆள், இரண்டு சட்டிக் கலவை, முப்பது கல். அதற்கு மேல் அடுக்க விடாதீர்கள்.

பள்ளத்தூர்: சவுக்குக் கம்பு பாதிக் காசில் முடியுதே. மாடி வரைக்கும் அது தாங்காதா?

தாங்கும், கம்பு நன்றாக இருந்தால். அடிப்பக்கம் மூணு அங்குலத்துக்குக் குறைந்ததை ஒதுக்குங்கள். நம்ம பக்கம் தைலமரக் கம்பு மலிவாகக் கிடைக்கிறதென்று அதையும் கலந்து விடுகிறார்கள். காயக் காய முறுக்கி நெடுக வெடிக்கும். கான்கிரீட் தளம் வார்க்கும்போது அடியில் நிறுத்துகிற சென்ட்ரிங் முட்டுக்குக் கொடுத்தாலும் சாரத்தின் காலுக்கு வேண்டாம். செம்மண்ணில் ஊன்றிய கம்பு ஒரு மழைக்காலம் நின்றால் கரையான் அடியைத் தின்றிருக்கும், வெளியே பட்டை அப்படியே இருக்கும். கத்தி முனையால் குத்திப் பாருங்கள்.

கம்புச் சாரம் பெரும்பாலும் ஒற்றை வரிசையாகக் கட்டுவார்கள், மறுமுனை சுவருக்குள் போகும். அந்த ஓட்டைதான் பின்னால் தலைவலி. வீட்டில் மழைக்கு ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில் ஈரப் பொட்டுகள் தெரிந்தால் அது சார ஓட்டை. கம்பை உருவியதும் ஓட்டையைக் கழுவி நனைத்து, கல் துண்டோடு 1:3 சிமென்ட் மணல் கலவையை உள்ளே இடித்து நிரப்ப வேண்டும். மேற்பூச்சில் மூடுவது நிரப்புவது ஆகாது. தூணிலும், உத்தரம் உட்காரும் இடத்துக்கு அடியிலும் ஓட்டையே போடக்கூடாது.

கல்லல்: பைப் சாரம்தான் கட்டியிருக்கோம். ரெண்டு நாள் மழைக்கு அப்புறம் மேல்பக்கம் சுவரில் போய் இடிக்குது. கால் எல்லாம் நேராத்தானே நட்டோம்?

உள்வரிசைக் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அஸ்திவாரம் தோண்டி, கட்டி முடித்து, மண் தள்ளி மூடிய இடத்தில் நிற்கும். புதுவீட்டைச் சுற்றி மூணடி நாலடிக்கு அந்த மண் இன்னும் இறுகியிருக்காது. வெளிவரிசை கெட்டி மண்ணில், உள்வரிசை நிரப்பு மண்ணில். மழை பெய்தால் உள்பக்கம் மட்டும் இறங்கும், சாரம் சுவர்ப் பக்கம் சாயும்.

ஆளை இறக்கிவிட்டு, பலகையை எடுத்துவிட்டு, சன்னல் பிணைப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஒவ்வொரு காலாக ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். மண்ணைத் திமிசு போட்டு இடித்துக் கெட்டித்து, 9 அங்குலப் பலகையை இரண்டு கால் உட்காரும் நீளத்துக்குப் படுக்க வைத்து, அதன் மேல் அடித்தட்டு. செங்கல் அடுக்கி அதன் மேல் கால் வைப்பது கூடவே கூடாது. பாரத்தில் கல் பிளந்தால் கால் ஒரே இறக்காக இறங்கும். சம்ப், செப்டிக் டேங்க் மூடி மேலும் கால் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சாரம் நின்றால் காலையில் ஏறுமுன் அடியைச் சுற்றி வருவது வேலையில் சேர்ந்ததுதான்.

கானாடுகாத்தான்: எங்க அப்பச்சி கட்டின பழைய வீடு. சுண்ணாம்புப் பூச்சு, முகப்பு மேல சுதை பொம்மைகள். புதுசாப் பக்கத்துல கட்டுறதோட இதையும் பழுது பார்க்கணும். உள்ளே வளவுல (முற்றத்தைச் சுற்றின கூடத்துல) சாரம் போட்டா தரை போயிருமே?

ஆச்சி, அந்தச் சுவரில் ஒரு ஓட்டைகூட வேண்டாம். இரட்டைச் சாரம் மட்டும். மெருகேற்றிய பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஒட்டுப்போட்டால் என்றைக்கும் தனியாகத் தெரியும். பிணைப்பைச் சுதையிலோ சன்னல் கம்பியிலோ மாட்ட விடாதீர்கள். சன்னல் கதவைத் திறந்து, வழியாக 7 அடி பைப்பை உள்ளே விட்டு, உள்சுவரை அணைத்துக் குறுக்கே ஒரு பைப். பைப் படுகிற இடத்தில் எல்லாம் சாக்கும் பலகைத் துண்டும். வளவுத் தரைக்கு முதலில் சாக்கு இரட்டையாக, மேலே பலகை, அதன் மேல் அடித்தட்டு. ஆத்தங்குடிக் கல் (கையால் செய்த பூப்போட்ட தரை ஓடு) என்றால் ஈரச் சாக்கை நாள்கணக்கில் விடாதீர்கள், கறை இறங்கும்.

வளவுக்குள் பிணைக்க இடமில்லாமல் தனியாக நிற்கிற சாரமென்றால், உயரம் அடிப்பாகத்தின் குறுகிய பக்க அகலத்தைப் போல மூணு மடங்குக்குள் இருக்கட்டும்.

தேவகோட்டை: சென்ட்ரிங் முட்டும் அதே கடையில்தான் வாடகை. எத்தனை நாளைக்குக் கணக்குப் போடணும்?

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 (2000) சொல்வது: தளத்தின் தாங்கல் இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டு 7 நாள், அதற்கு மேல் 14. உத்தரம் 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. இது ஓ.பி.சி. எனும் சாதாரண போர்ட்லண்ட் சிமென்டுக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்ட் மூட்டை வாங்கினால் கூட்டிக்கொள்ளுங்கள். வாடகைக்குப் பயந்து முட்டுகளை முன்னாலேயே உருவுவதில் மிச்சமாவது எதுவுமில்லை. முட்டுகளை எடுத்துச் சாரத்தில் காலாகக் கட்டுவதையும் பார்க்கிறோம். அது வேறு சாமான், வேண்டாம்.

கண்டனூர்: வீதியில் கரண்ட் கம்பி சுவரை ஒட்டிப் போகுது.

மின் வாரியத்தில் எழுதிக் கொடுத்து, கம்பியை நகர்த்தியோ லைனை நிறுத்தியோ தந்த பிறகுதான் அந்தப் பக்கம். இருபதடி பைப்பைச் செங்குத்தாகத் தூக்கும்போது நுனி எங்கே போகிறதென்று கீழே பிடிப்பவருக்குத் தெரியாது.

குன்றக்குடி: பச்சை வலை கட்டலாமா? ஏணி எப்படி?

வலை கட்டினால் சாரம் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். ஆடிக்காற்றில் பிணைப்பை இரட்டிப்பாக்குங்கள். ஏணி நாலடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி, தட்டுக்கு மேல் மூணடி நீட்டி, தலை கட்டி.

காரைக்குடி: பழைய பைப் ஒரு லாட் வருது. எதைப் பார்த்து வாங்கறது?

தராசு. 20 அடி பைப் ஒன்றை ஏற்றுங்கள். 3.2 மி.மீ. என்றால் ஏறத்தாழ இருபத்தொன்றரைக் கிலோ. 14 கிலோ காட்டினால் அது 2 மி.மீ. பைப். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான், வெளிவிட்டம் மாறாது. பிறகு தரையில் உருட்டுங்கள், வளைந்தது குதிக்கும். நிமிர்த்திய பைப்பில் வளைந்த இடம் கொஞ்சம் சப்பையாக இருக்கும், விரலுக்குத் தெரியும். கிளாம்பில் மரை சுற்றுகிறதா, கீல் பக்கம் விரிசலா என்று ஒவ்வொன்றாக. கோணிப்பையோடு எடை போட்டு வாங்காதீர்கள்.

காரைக்குடி (மறுபடி): சரி, வாடகைதான். கடையில் என்ன பேசி வைக்கணும்?

நாள் எப்போது தொடங்குகிறது, ஏற்றிய அன்றா இறக்கிய அன்றா. மழை நாளுக்கும் ஞாயிற்றுக்கும் வாடகை உண்டா. குறைந்தபட்ச நாள் எத்தனை. ஏற்றுகூலி யாருடையது. தொலைந்த கிளாம்புக்கு என்ன விலை. சீட்டில் எழுதி வாங்குங்கள். இறக்கும்போது நீளவாரியாக எண்ணி, வளைந்தவற்றைத் தனியே படமெடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். காசு போவது பெரும்பாலும் கிளாம்பில்தான். மணலில் புதையும், கலவை மரையில் ஏறிக் கல்லாகும். கட்டுமுன் மரையில் வேஸ்ட் ஆயில் தடவி, அவிழ்த்ததை ஐம்பது ஐம்பதாகச் சாக்கில் போட்டு எண்ணிக்கையைச் சாக்கின் மேலேயே எழுதி வைத்தால் திருப்புகிற அன்று அரை மணி நேர வேலை.