ரிசீவரைத் தொங்கவிட்டுப் போகிறார்கள்

கேள்வி: எண்பது வயது தாண்டிய பாட்டிகள் பாடிய தாலாட்டுகளைப் பதிவுசெய்து, ஆறு பழைய டயல் போன்களுக்குள் வைத்து ஒரு கலைக்கூடத்தில் மாட்டியிருக்கிறேன். ரிசீவரை எடுத்தால் பாட்டு கேட்கும். ஒரு மாதக் கண்காட்சி. வேலைக்குப் போவதால் சனி, ஞாயிறு மட்டும்தான் என்னால் அங்கே இருக்க முடிகிறது. முதல் வாரத்திலேயே இரண்டு போன்கள் ஊமையாகிவிட்டன. ஒன்றின் வயர் பிய்ந்துவிட்டது. "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அன்புச் சகோதரிக்கு, தயவுசெய்து அதை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். காதில் வைத்துக் கேட்க முடியாத தாலாட்டு யாருக்கு?

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பிய்த்தவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் பிய்ப்பதில்லை. 1971இல் லண்டன் டேட் கேலரியில் ராபர்ட் மாரிஸ் என்ற கலைஞர், மக்கள் ஏறி விளையாடுவதற்கென்றே பலகைகளும் உருளைகளும் வைத்தார். கூட்டத்தின் உற்சாகத்தில் பலருக்கு அடிபட்டு, நான்கே நாளில் மூடினார்கள். 2009இல் அதையே டேட் மாடர்னில் இன்னும் பாதுகாப்பாகச் செய்து திரும்ப வைத்தார்கள். மாற்றியது படைப்பின் உடம்பைத்தான். தொடும் உரிமையைப் பறிக்கவில்லை.

முதலில் அந்த ஊமை போன்களைப் பாருங்கள். அவை கெட்டே போயிருக்காது என்று எனக்குப் படுகிறது. யாரோ ரிசீவரைத் தொங்கவிட்டுப் போயிருப்பார்கள், பாட்டு முடிந்திருக்கும். அடுத்து வந்தவர் காதில் வைத்தால் சத்தம் இல்லை. உடனே கொக்கியைப் படபடவென்று தட்டுவார், டயலைச் சுழற்றுவார், வயரை இழுப்பார். அங்கேதான் பிய்கிறது. அதனால் ரிசீவர் கீழே கிடந்தாலும் சில நொடி விட்டுப் பாட்டு தானாகத் திரும்பத் தொடங்கும்படி மாற்றுங்கள். பதிவின் தொடக்கத்தில் பாட்டி மூச்சிழுக்கும் மௌனம் இருந்தால், மனசே வராது, இருந்தாலும் வெட்டிவிடுங்கள். எடுத்த மறுநொடி "ஆராரோ" காதில் விழ வேண்டும்.

வயரை ரிசீவருக்கு உள்ளே ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்துங்கள். இழுப்பு முடிச்சோடு நிற்கும். பற்றவைத்த இடத்துக்குப் போகாது.

இரவில் மெயினை அணைத்துவிடுகிறார்களா என்றும் விசாரியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் மெமரி கார்டு கெட வாய்ப்பு உண்டு. செய்து கொடுத்தவரிடம் சொல்லி, கார்டில் எதுவும் எழுதப்படாதபடியும், கரண்ட் வந்ததும் தானாகக் கிளம்பும்படியும் அமைத்துவிடுங்கள்.

அப்புறம் அங்கிருக்கும் வாட்ச்மேன். நீங்கள் இல்லாத ஐந்து நாளும் அவர்தான் இருக்கிறார். உட்காரவைத்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊர்ப் பாட்டி, எத்தனை பிள்ளை பெற்றவர் என்று சொல்லுங்கள். பிறகு தொங்கும் ரிசீவரை அவரே எடுத்து மாட்டுவார். உதிரியாக ஒரு ரிசீவரும், பாட்டு ஏற்றிய ஒரு கார்டும் அவரிடம் கொடுத்துவையுங்கள்.

மூலப் பதிவுகளை மட்டும் இன்றைக்கே இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பாட்டிகளை இன்னொரு தடவை பாடச் சொல்ல முடியுமோ என்னவோ.