புதுக் காருக்கு ஒயில் மாற்றுவது எப்போது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கார் சேல் ஒன்றில் டொயோட்டா ரைஸ் எடுத்தோம். 1000 சிசி, டர்போ எஞ்சின். ஜப்பானிலிருந்து வந்தது, மீற்றரில் சில கிலோமீற்றர்தான் இருந்தது. ஒயில் மாற்றுவது பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கார் சேல்காரர் 5,000 கிலோமீற்றர் என்றார். பக்கத்துக் கராஜ் பாஸ் 1,000இல் மாற்றியே ஆகவேண்டும் என்கிறார். லண்டனில் இருக்கும் அண்ணா 16,000 வரை தொடவே வேண்டாம் என்கிறார். காரோடு வந்த புத்தகமோ முழுக்க ஜப்பானிய மொழி. காலையில் பிள்ளைகளைப் பாடசாலையில் விட்டுவிட்டுக் கொள்ளுப்பிட்டியில் அலுவலகம், பின்னேரம் வீடு. மாதம் 600 கிலோமீற்றர் ஓடும். யார் சொல்வதைக் கேட்பது? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: அண்ணா சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. 16,000 என்பது பத்தாயிரம் மைல். பிரித்தானியாவில் டொயோட்டாவின் சேர்விஸ் கணக்கு பத்தாயிரம் மைல் அல்லது ஒரு வருடம்தான். ஆனால் உங்கள் கார் ஜப்பான் சந்தைக்குச் செய்தது, அதிலும் டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி பொருத்தியது. ஜப்பானில் அதே டொயோட்டா, டர்போ இல்லாத பெற்றோல் காருக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்றும், டர்போவுக்கு 5,000 அல்லது ஆறு மாதம் என்றும் சொல்கிறது. எது முதலில் வருகிறதோ அது. கார் சேல்காரர் சொன்ன 5,000 இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்த அட்டவணையில் இன்னொரு நிரலும் உண்டு. அதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. கார் கடினமான நிலையில் ஓடினால் கணக்கு பாதியாகிறது: டர்போ இல்லாததற்கு 7,500 அல்லது ஆறு மாதம், டர்போவுக்கு 2,500 அல்லது மூன்று மாதம். கடினமான நிலை என்றதும் நுவரெலியா ஏற்றமும் குண்டும் குழியுமான றோட்டும்தான் நினைவுக்கு வரும். அவையும் பட்டியலில் உண்டு. கூடவே, எட்டுக் கிலோமீற்றருக்குள் முடிகிற ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடுவதும், முப்பதுக்குக் குறைந்த வேகத்தில் ஊர்வதும், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதும் உண்டு. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி ஐந்து கிலோமீற்றர் அளவில்தான். பாடசாலை நேரத்தில் காலி வீதியில் எந்த வேகத்தில் போகிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். உங்கள் கார் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டாவது நிரலில்தான் ஓடுகிறது.

கொழும்பில் கிலோமீற்றரை மட்டும் பார்த்து ஒயில் மாற்றுவது ஏன் பிழை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. மீற்றர் பக்கத்துத் திரையில் சராசரி வேகம் காட்டும் இடம் இருக்கும், தேடிப் பாருங்கள். அது 15 என்று காட்டினால், 5,000 கிலோமீற்றர் ஓடி முடிக்கக் கார் 333 மணித்தியாலம் வேலை செய்திருக்கிறது. அதே 5,000ஐத் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையிலும் யாழ்ப்பாண றோட்டிலும் சராசரி 70இல் ஓடியிருந்தால் 71 மணித்தியாலம்தான். சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும் கார் என்றால் அந்த நேரத்தைக் கொஞ்சம் கழிக்கலாம். அப்படியும் ஒயில் பட்ட பாடு பல மடங்கு வித்தியாசம்.

குறுகிய ஓட்டத்தில் இன்னொரு கெடுதியும் நடக்கிறது. எஞ்சின் சூடாகும்வரை பெற்றோல் கொஞ்சம் அதிகமாகவே தெளிக்கப்படும். எரியாத பெற்றோலில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே ஒயிலில் கலக்கிறது. எரிந்த வாயுவில் உள்ள நீராவியும், சோற்றுப்பானை மூடியில் திரள்வதுபோல, உள்ளே நீராகத் திரள்கிறது. நீண்ட தூரம் ஓடினால் ஒயில் நன்றாகச் சூடாகி இவை இரண்டும் ஆவியாகிப் போய்விடும். இருபது நிமிடம் ஊர்ந்துவிட்டு நிறுத்தினால் பெரும்பகுதி அப்படியே தங்கும். ஒயில் நீர்த்துப்போகும், அமிலம் சேரும், அமிலத்தை அடக்கவென்று கலந்திருக்கும் மருந்துகளும் சீக்கிரம் தீரும். டர்போவுக்கு இது இன்னும் ஆபத்து. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது ஒரு மெல்லிய ஒயில் படலத்தின் மேல்தான்.

ஆகவே என் பதில்: 2,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும். அட்டவணை சொல்வது மூன்று மாதம். மாதத்தில் ஒரு தடவையாவது நீர்கொழும்புக்கோ காலிக்கோ நெடுஞ்சாலையில் போய் வருகிறீர்கள் என்றால் அதை நான்காக நீட்டலாம் என்பது என் கருத்து. அப்படி ஒரு நீண்ட ஓட்டமே இல்லையென்றால் மூன்றோடு நில்லுங்கள். செலவு கூடத்தான். ஆனால் இந்தச் சிறிய எஞ்சின்களுக்குத் தேவை மூன்று லீற்றர் அளவு ஒயில்தான். டர்போ பழுதானால் வருகிற பில்லோடு அதை ஒப்பிடவே முடியாது.

இனி, பாஸ் சொல்லும் 1,000. புது எஞ்சினில் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது நுண்ணிய உலோகத்தூள் ஒயிலில் சேர்வது உண்மை. முதல் ஒயிலை 1,000இல் மாற்றும் பழக்கம் அதனால் வந்தது. ஜப்பானில் அந்தக் கட்டத்தில் ஒரு பரிசோதனை செய்வார்கள், ஒயில் மாற்றுவது கட்டாயமில்லை. ஆனாலும் உங்கள் விஷயத்தில் பாஸ் சொல்வதைச் செய்யுங்கள் என்பேன், அதற்குக் காரணம் வேறு. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்த பிறகு, கார் சேல்களுக்கு வருகிற கார்களில் சில ஏதோ ஒரு முற்றத்தில் மாதக்கணக்கில் நின்றுவிட்டு வந்தவையாக இருக்கலாம். தொழிற்சாலையில் ஊற்றிய அன்றே அந்த ஒயிலுக்கு வயது தொடங்கிவிட்டது. கார் உங்கள் பெயருக்கு மாறிய நாளை வைத்து மாதம் எண்ணாதீர்கள். ஒயிலையும் பில்டரையும் இப்போதே மாற்றிவிட்டு, அந்தத் திகதியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

கொஞ்சம் ஓடிய ரீகண்டிஷன் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடும் ஓரத்தில் பாருங்கள். ஜப்பானில் ஒயில் மாற்றினால் திகதியும் கிலோமீற்றரும் எழுதிய சின்ன ஸ்டிக்கர் ஒன்றை அங்கேயோ பொனட்டுக்கு உள்ளேயோ ஒட்டுவார்கள். வருடம் சிலவேளை அவர்களுடைய கணக்கில் இருக்கும். 6 என்று போட்டிருந்தால் 2018ஐக் கூட்டுங்கள், 2024. ஸ்டிக்கரில் 40,000 என்றும் மீற்றரில் 28,000 என்றும் இருந்தால், அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஜப்பானியப் புத்தகத்தையும் வீசிவிட வேண்டாம். மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து போன் கமராவை அந்தப் பக்கத்தில் பிடித்தால் போதுமான அளவு புரியும். நான் மேலே தந்தது டொயோட்டாவின் பொதுக் கணக்கு. உங்கள் காரின் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

கேள்வி: புதுக் காரின் ஒயில் மூடியில் 0டபிள்யூ-20 என்று அச்சடித்திருக்கிறது. எங்கள் பாஸ் அதைத் தண்ணீர் என்கிறார். நம்முடைய வெயிலுக்கு 20டபிள்யூ-50 போட்டால்தான் எஞ்சின் தாங்குமாம். (கிருலப்பனை வாசகர்)

பதில்: போட வேண்டாம். முன்னால் இருக்கும் எண் கடும் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது 100 பாகை சூட்டில் அதன் தடிப்பு. ஓடுகிற எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டைத் தீர்மானிப்பது வெளி வெயில் அல்ல. குளிர்விக்கும் நீரைத் தெர்மோஸ்டாட் டோக்கியோவிலும் கொழும்பிலும் 90 பாகை அளவில்தான் வைத்திருக்கிறது. வெளியே பத்துப் பாகை கூடினாலும் உள்ளே பெரிதாக எதுவும் மாறுவதில்லை.

இன்றைய எஞ்சின்களில் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, வால்வு நேரத்தை மாற்றும் பொறியின் நுண்ணிய துவாரங்கள், ஒயில் பம்ப் எல்லாமே மெல்லிய ஒயிலை நம்பிச் செய்யப்பட்டவை. காலையில் எஞ்சினைப் போட்டதும் ஒயில் எவ்வளவு சீக்கிரம் மேலே ஏறுகிறதோ அவ்வளவுக்குத் தேய்மானம் குறைவு. தடித்த ஒயில் ஏறப் பிந்தும், பெற்றோலும் கூடப் பிடிக்கும். பாஸ்மாருக்கு அனுபவம் நிறைய உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அது பெரும்பாலும் தேய்ந்த பழைய எஞ்சின்களில் பெற்ற அனுபவம். உங்கள் புத்தகம் 0டபிள்யூ-20க்குப் பதிலாக 5டபிள்யூ-30ஐயும் அனுமதித்தால் அதைப் போடலாம். அதற்கு அப்பால் போகாதீர்கள். கேனில் ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். 2020இல் வந்த அந்தத் தரம், சிறிய டர்போ எஞ்சின்களில் பெற்றோல் நேரத்துக்கு முன்னரே எரிவதால் வரும் தட்டலையும் டைமிங் செயின் தேய்மானத்தையும் கருத்தில் வைத்து எழுதப்பட்டது.

கேள்வி: என்னுடையது ஹைபிரிட். பாதி நேரம் எஞ்சின் ஓடுவதே இல்லை. அப்படியென்றால் ஒயிலும் இரண்டு மடங்கு நாள் வரும்தானே? (தெஹிவளை வாசகர்)

பதில்: வராது. எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதால் அது முழுச்சூடு பிடிப்பதே நகரத்தில் குறைவு. மேலே சொன்ன பெற்றோலும் நீரும் ஹைபிரிட்டில் கூடுதலாகவே தங்கும். ஒயில் கோலை இழுத்துப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் விட்டு, துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுக்க வேண்டும். ஒயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், பெற்றோல் வாசமும் அடித்தால், கிலோமீற்றர் எதுவாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நிறம் கறுத்திருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். அழுக்கைத் தன்னோடு வைத்திருப்பதும் ஒயிலின் வேலைதான். ஹைபிரிட்டுக்கு 5,000 அல்லது ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏஜென்டிடம் எடுத்த புதுக் கார். வெளியே ஒயில் மாற்றினால் வாரண்டி போய்விடுமா? (இராஜகிரிய வாசகி)

பதில்: வாரண்டிப் புத்தகத்தில் சேர்விஸ் எங்கே செய்ய வேண்டும் என்று என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம். ஏஜென்டிடமே செய்ய வேண்டும் என்று இருந்தால் வாரண்டி முடியும்வரை அங்கேயே போங்கள். நடுவில் கூடுதலாக ஒரு தடவை ஒயில் மாற்ற விரும்பினால், அதையும் அங்கேயே செய்து புத்தகத்தில் முத்திரை வாங்குங்கள்.

கேள்வி: சேர்விஸ் ஸ்டேஷனில் காரைக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார வைக்கிறார்கள். உண்மையில் புது ஒயில் ஊற்றினார்களா என்று எப்படித் தெரியும்? போன தடவை எஞ்சின் பிளஷ் என்று ஒன்றுக்கும் காசு வாங்கினார்கள். (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: உட்காராதீர்கள். காருக்குப் பக்கத்தில் நிற்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. கேனின் மூடி முத்திரை உங்கள் கண்முன் உடைய வேண்டும். பழைய பில்டரைக் கழற்றியதும் காட்டச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுகிறார்களா என்று கேளுங்கள். சின்னச் சாமான்தான், பழையதையே திரும்பப் போட்டால் கொஞ்ச நாளில் கசியத் தொடங்கலாம். நான்கு லீற்றர் கேனுக்குக் காசு கொடுத்து, கார் மூன்று லீற்றர்தான் குடித்தது என்றால், மிச்சம் உங்களுடையது. கேனோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மீதி இல்லையென்றாலும் வெறுங்கேனை அங்கே விடாதீர்கள், அல்லது துளை போட்டுவிட்டு வாருங்கள். போலி ஒயில்காரர்களுக்கு வேண்டியது நல்ல கேன்தான்.

பஞ்சிகாவத்தையில் நீங்களே ஒயில் வாங்கிக்கொண்டு போவதானால் விலையை மட்டும் பார்க்காதீர்கள். இலங்கையில் மசகு ஒயில் விற்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் உண்டு. அந்தத் துறையைக் கண்காணிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. அனுமதி உள்ள பெயரா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

எஞ்சின் பிளஷ் புதுக் காருக்குத் தேவையே இல்லை. கழுவி எடுக்க உள்ளே ஒன்றும் படிந்திருக்காது. ஒயிலில் கலக்கச் சொல்லித் தருகிற சின்னப் போத்தல்களும் அப்படித்தான். நல்ல ஒயிலில் வேண்டிய மருந்து ஏற்கனவே கலந்திருக்கிறது. வேலை தொடங்கும் முன்னரே "ஒயில், பில்டர், வாஷர், வேறு எதுவும் வேண்டாம்" என்று வேலைச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத வேலைக்குக் காசு கேட்டால் தர மறுக்கலாம்.

பில்லில் ஒயிலின் பெயர், தரம், எத்தனை லீற்றர், மீற்றரில் அன்று இருந்த கிலோமீற்றர் நான்கும் இருக்க வேண்டும். கேட்டால் பில் கொடுப்பது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்கு அழைத்து விபரம் கேளுங்கள். பிறகு, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பில்லின் பிரதியையும் வேலைச்சீட்டின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள், மூலப்பிரதி உங்களிடமே இருக்கட்டும்.