பக்கத்து மாடியில் டவர், தலையணைக்கடியில் போன்

கேள்வி: பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்கப் போகிறார்கள். புற்றுநோய் வரும் என்று தெருவே மனு எழுதுகிறது. என் மகனோ போனைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குகிறான். கதிர்வீச்சைத் தடுக்கும் என்று 400 ரூபாய்க்கு ஒரு ஸ்டிக்கர் வாங்கி அதில் ஒட்டியிருக்கிறேன். பேஸ்மேக்கர் வைத்த மாமனாரும் எங்களோடு இருக்கிறார். நான் மனுவில் கையெழுத்துப் போடலாமா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: முதலில் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்துப் போடுங்கள். பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது. ஒருவேளை நிஜமாகவே அலையைத் தடுத்தால் இன்னும் மோசம். எதிரில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால் நாம் குரலை உயர்த்துகிறோம் அல்லவா, சிக்னல் குறைந்தால் போனும் அப்படித்தான் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும்.

டவர் விஷயத்திலும் இதுதான் சூட்சுமம். டவர் தூரத்தில் இருந்தால், காதோடு ஒட்டியிருக்கும் போன் அதிக சக்தியில் வேலை செய்யும். பக்கத்தில் இருந்தால் குறைத்துக்கொள்ளும். உங்கள் உடலுக்குள் போகும் அலையில் பெரும்பங்கு கையில் இருக்கும் போனிலிருந்து வருவதுதான். டவர் ஆன்டெனா அலையைப் பெரும்பாலும் பக்கவாட்டில், தூரத்தை நோக்கி வீசுகிறது. நேர் கீழே விழுவது கொஞ்சம்தான். அதோடு, டவர்களுக்குச் சர்வதேச அளவில் சொல்லப்பட்ட வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் இந்தியா 2012 முதல் அனுமதிக்கிறது. சந்தேகம் தீராவிட்டால், தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் கட்டணம் கட்டி அளந்து பார்க்கச் சொல்லலாம்.

சரி, புற்றுநோய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது? 2011-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை '2பி' என்ற பிரிவில் வைத்தது. 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு' என்பதுதான் அந்தப் பிரிவு. முழு இலையிலிருந்து எடுத்த கற்றாழைச் சாறும் பிற்பாடு அதே பட்டியலில் சேர்ந்தது. அதற்கு யாரும் மனு கொடுக்கவில்லை. டென்மார்க்கில் மூன்றரை லட்சம் பேருக்கு மேல், பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் என்று பல வருடம் பின்தொடர்ந்து பார்த்துவிட்டார்கள். போன் பயன்படுத்துகிறவர்களிடம் மூளைக் கட்டி கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டுச் செய்த, 2024-ல் வெளியான தொகுப்பாய்வும் அதையே சொன்னது. 2018-ல் அமெரிக்காவில் தினமும் ஒன்பது மணி நேரம் உடல் முழுக்க அலை பாய்ச்சிய ஆண் எலிகளுக்கு இதயத்தில் கட்டி வந்தது உண்மை. ஆனால் அலையே படாத எலிகளைவிட அவைதான் அதிக நாள் உயிரோடு இருந்தன! அதை வைத்து மனிதர்களுக்கு என்ன சொல்வது?

எக்ஸ்ரே போல டி.என்.ஏ.வை உடைக்கும் ஆற்றல் இந்த அலைக்குக் கிடையாது. உறுதியாகத் தெரிந்த விளைவு, திசுவை லேசாகச் சூடாக்குவது. அதற்குத்தான் ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு. *#07# என்று அழுத்தினால் பல போன்களில் அந்தப் போனின் அளவு எவ்வளவு என்று தெரியும். அதைப் பார்த்துவிட்டு, நீண்ட நேரப் பேச்சுக்கு இயர்போனோ ஸ்பீக்கரோ பயன்படுத்தினால் போதும்.

மகனின் போனைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்துவிடுங்கள், ஆனால் அலைக்குப் பயந்து அல்ல. சார்ஜ் ஏறும் போன் பஞ்சுக்கடியில் காற்றில்லாமல் கொதிக்கும். தூக்கமும் கெடும். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பைக் ஓட்டுகிற வயது வந்தால், கவலையை அதற்கு மிச்சம் வையுங்கள்.

மாமனார் போனைச் சட்டைப்பையில் வைக்கவே கூடாது. பேஸ்மேக்கரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், பேசும்போது எதிர்ப்பக்கத்துக் காதில். சில புதிய போன்களில் இருக்கும் காந்தம் பேஸ்மேக்கரின் வேலையைக் குழப்பக்கூடும் என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம்.

அப்புறம் அந்த மனு. புற்றுநோய் என்று எழுதியிருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். அந்தப் பழைய மாடி டவரின் எடையைத் தாங்கும் என்று பொறியாளர் சான்று தந்திருக்கிறாரா, டீசல் ஜெனரேட்டர் யார் ஜன்னலுக்கு நேராக வரப்போகிறது என்று கேட்டு எழுதியிருந்தால், முதல் ஆளாகப் போடுங்கள்.