ஏ லெவல் ஃபிலிம் ஸ்டடீஸ்: கேமராவைவிடப் பேனாவுக்கே வேலை அதிகம்

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகள் ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதுப் பொதுத்தேர்வு) முடித்ததும் ஏ லெவலில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருடப் படிப்பு) ஃபிலிம் ஸ்டடீஸ் எடுப்பேன் என்கிறாள். அதில் என்னதான் படிப்பார்கள்? படம் எடுக்கச் சொல்லித் தருவார்களா?

பதில்:

தருவார்கள், கொஞ்சம். மதிப்பெண்ணில் 70 சதவீதம் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து கட்டுரை எழுதுவதற்கு. படம் எடுப்பதற்கு மீதி 30தான். இது தெரியாமல் சேர்கிற பிள்ளைகளுக்கு முதல் டெர்மிலேயே சுருதி இறங்கிவிடும். ஆங்கில இலக்கியம், வரலாறு மாதிரி இதுவும் எழுதித் தேற வேண்டிய பாடம்.

கீழே சொல்வது எடுகாஸ் (Eduqas) என்ற தேர்வு போர்டின் பாடத்திட்டத்தை வைத்து. காலேஜ் வேறு போர்டு என்றால் அளவுகள் மாறும், சேரும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேப்பர், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், தலா 35 சதவீதம். இரண்டு வருடத்தில் பதினொரு முழுநீளப் படங்கள், கூடவே ஒரு குறும்படத் தொகுப்பு. முதல் பேப்பரில் பழைய ஹாலிவுட் ஒப்பீடு (1930 முதல் 1990 வரை), 2005க்குப் பிந்தைய அமெரிக்கப் படங்கள், 1995க்குப் பிந்தைய பிரிட்டிஷ் படங்கள். மூன்றுக்கும் தலா 40 மதிப்பெண், ஆகவே ஒரு கட்டுரைக்கு 50 நிமிடம். இரண்டாவதில் உலக சினிமாவுக்கு 40. ஆவணப்படம், மௌனப் படம், பரிசோதனைப் படம் மூன்றுக்கும் தலா 20. முதலாவதற்கு ஒரு மணி நேரம், மற்றவற்றுக்கு அரை மணி என்று கடிகாரத்தைப் பார்த்தே எழுத வேண்டும். பலர் உலக சினிமாவில் ஒன்றரை மணி நேரத்தைக் கரைத்துவிட்டு, கடைசிக் கட்டுரையைப் பாதியில் விடுகிறார்கள்.

போர்டின் பட்டியலிலிருந்து படங்களைக் காலேஜ்தான் தேர்ந்தெடுக்கும். பட்டியலில் இல்லாத படத்தைப் பற்றி எவ்வளவு அழகாக எழுதினாலும் பலன் இல்லை. பரீட்சையில் காட்சி எதையும் போட்டுக் காட்ட மாட்டார்கள், எல்லாம் மனதிலிருந்து வர வேண்டும். முழுப் படத்தையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஒரு படத்துக்கு நான்கு காட்சிகளை ஷாட் ஷாட்டாகத் தெரிந்து வைத்துக்கொண்டால் எந்தக் கேள்விக்கும் வளைக்கலாம்.

வளைப்பது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' (1958) பல காலேஜ்களில் நடத்தும் படம். ஹோட்டல் அறையில் ஜூடி என்ற பெண், நாயகன் ஸ்காட்டி முன்பு விரும்பிய பெண்ணைப் போலவே உடையும் கொண்டையுமாக வெளியே வருவாள். "பச்சை ஒளி மர்மத்தைக் கூட்டுகிறது" என்று எழுதினால் மதிப்பெண் தேறாது. அந்தப் பச்சை எங்கிருந்து வருகிறது? ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஹோட்டலின் நியான் பலகையிலிருந்து. கதைக்குள்ளேயே அதற்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து பேய் எழுந்து வருவது போலத் தெரிகிறது. முன்னே நடந்து வர வர உருவம் தெளிகிறது. நாம் அவளை ஸ்காட்டியின் கண்ணால் பார்க்கிறோம். அவன் ஆசையில் நாமும் கூட்டாளி ஆகிறோம். ஒளி, நிறம், யார் பார்வை, பார்வையாளனுக்கு என்ன ஆகிறது என்று இந்த நான்கையும் ஆறு வரியில் கட்டினால் அது நல்ல பத்தி. சினிமாவில் ஆணின் பார்வையைப் பற்றித் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா முல்வி 1975இல் எழுதிய கட்டுரையும் இந்தப் படத்தைப் பேசுகிறது. ஆனால் முதல் பேப்பரின் பழைய ஹாலிவுட் பகுதியில் மையமான விஷயம் இயக்குநரின் முத்திரை. முல்விக்கு ஒரு வரி போதும். உடனே ஹிட்ச்காக்குக்குத் திரும்பிவிட வேண்டும்.

இனி அந்த 30 சதவீதம். 4 முதல் 5 நிமிடக் குறும்படம், அல்லது 1600-1800 சொற்களில் திரைக்கதையும் அதன் ஒரு பகுதிக்குப் புகைப்பட ஸ்டோரிபோர்டும் (ஷாட்களை வரிசையாகக் காட்டும் படங்கள்). எதை எடுத்தாலும், பாடத்தில் பார்த்த குறும்படங்களோடு ஒப்பிட்டுத் தன் வேலையை அலசும் 1600-1800 சொல் கட்டுரையும் உண்டு. குழுவாகச் செய்து பங்கு போட முடியாது. நண்பர்கள் நடிக்கலாம், மதிப்பெண் ஒருவருடைய வேலைக்குத்தான்.

படம் எடுப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கதையால் அல்ல. ஒலி முதல் எதிரி. சமையலறையில் வசனம் எடுத்தால் ஃபிரிட்ஜ் இரைச்சல் ஒவ்வொரு வெட்டிலும் ஏறி இறங்கும். அதை அணைத்துவிட்டு எடுங்கள் (மறக்காமல் மறுபடி போடுங்கள், அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம்). ஒவ்வோர் அறையிலும் யாரும் பேசாமல் 30 வினாடி ஒலியைத் தனியாகப் பதிந்து வையுங்கள், எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது போன் கேமரா. தானாக வினாடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகளுக்குக் கீழே திரை துடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று பூட்டக்கூடிய ஆப்பில் எடுத்தால் துடிப்பு அடங்கும். போனில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்குவதால், தனி ரெக்கார்டரில் எடுத்த ஒலி நீண்ட ஷாட்டில் உதட்டைவிட்டு விலகும். எடிட்டிங்குக்கு முன் கிளிப்புகளை நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும்.

வெளிச்சத்தை யாரும் யோசிப்பதே இல்லை. டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். காலேஜ் விட்டு வந்து வெளிப்புறக் காட்சி எடுப்பது நடக்காது. வார இறுதி அல்லது அக்டோபர் அரை டெர்ம் விடுமுறை. இரண்டு இடம், இரண்டு நடிகர், ஐந்து பக்கத்துக்கு மேல் போகாத திரைக்கதை. இதற்குள் அடங்காத கதையை ஐந்து நிமிடத்தில் அடைக்க முடியாது.

திரைக்கதை எடுப்பவர்கள் செய்கிற தவறு ஒன்றே ஒன்று: "அவள் அம்மாவை நினைத்துக்கொள்கிறாள்" என்று எழுதுவது. கேமராவுக்கு நினைப்பு தெரியாது. அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடி பெட்டியில் வைக்கிறாள் என்று எழுதினால் தெரியும்.

பல்கலைக்கழகத்தைப் பற்றி: ஃபிலிம் டிகிரிக்குப் பொதுவாக இந்தப் பாடம் கட்டாயமில்லை, படம் எடுக்கும் படிப்புகள் போர்ட்ஃபோலியோ (செய்த வேலைகளின் தொகுப்பு) கேட்கும். ஆங்கிலம், வரலாறு, ஏதாவது ஒரு மொழி இவற்றோடு நன்றாகச் சேரும். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் (UCAS) புள்ளிகள் மற்ற ஏ லெவல் பாடங்களுக்கு உள்ளவையே, ஏ கிரேடுக்கு 48. டாக்டர் கனவும் பக்கத்தில் இருந்தால் கெமிஸ்ட்ரியைக் கைவிட்டுவிட்டு இதை எடுக்க வேண்டாம். முழுக்க முழுக்கக் கேமராதான் வேண்டும் என்றால், லெவல் 3 கிரியேட்டிவ் மீடியா டிப்ளமா நடத்தும் காலேஜைப் பாருங்கள். அங்கே எழுத்துப் பரீட்சையைவிடச் செய்முறை வேலைக்கே மதிப்பு.

சேர்வதற்கு முன் வரும் கோடையில் மகளை ஒரு மௌனப் படம் முழுதாகப் பார்க்கச் சொல்லுங்கள், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. பிறகு அதில் ஏதாவது ஒரு நிமிடத்தை மட்டும் எடுத்து, எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் எங்கே வெட்டுகிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கத்தை எழுத அவளுக்குப் பிடித்திருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.