சொந்தக் காசில் சூனியம்

வணக்கம் ஐயா,

போன மாதம் மிச்சிகனில் அக்கா மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். ஆன் ஆர்பரில் அந்தப் பெரிய ஸ்டேடியத்தைக் காட்டினான். லட்சம் பேருக்கு மேல் உட்காரலாமாம். காலேஜ் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்கா இத்தனை கூட்டம் என்று கேட்டேன். "2007ல இங்க ஒரு சின்ன காலேஜ்கிட்ட தோத்துட்டோம் மாமா, இன்னும் ஊரே மறக்கல" என்றான். இவன் அங்கே படிக்கப் போனதே 2015ல். ஆனாலும் "தோத்துட்டோம்" என்கிறான்! மிச்சிகனுக்குத் தலைக்கனமா, இல்லை எதிராளிக்கு அன்று நல்ல நேரமா? பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பெயர் வைத்தவர்கள் ஊரில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று விட்டுவிடலாமா?

ரா., ஓசூர்

அன்புள்ள ரா.,

பெயர் விஷயத்தில் எனக்கும் உங்கள் குறைதான். ஆனால் இந்த ஒரு ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம். கடைசி இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது காலால் உதைத்த மூன்று பந்துகள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் காசு. 2007 செப்டம்பர் 1 அன்று மிச்சிகன் பல்கலைக்கழக அணியோடு ஆட வந்தது அப்பலாச்சியன் ஸ்டேட். வட கரோலைனாவின் மலைப்பகுதியில் பூன் என்ற சின்ன ஊர்க் கல்லூரி. வந்து ஆடியதற்கு மிச்சிகன் கொடுத்த தொகை 4 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல். அங்கே இது ரகசியம் இல்லை, வழக்கம். சீசன் தொடங்கும்போது பெரிய பல்கலைக்கழகம் சின்னதாக ஒன்றைக் காசு கொடுத்துக் கூப்பிடும். உள்ளூர்க் கூட்டத்துக்கு ஒரு சுலபமான வெற்றி, டிக்கெட் வசூல். வந்தவர்கள் அடியை வாங்கிக்கொண்டு, காசையும் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்வார்கள். அந்தப் பணத்தில் அவர்களுடைய விளையாட்டுத் துறை ஓடும். ஒருவகையில் அடிவாங்கும் கூலி. அன்றைக்கு 1,09,000 பேருக்கு மேல் பார்க்க, மிச்சிகன் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது. 34-32.

உங்கள் மருமகன் "சின்ன காலேஜ்" என்று சொன்னதில் பாதிதான் உண்மை. அப்பலாச்சியன் ஆடியது இரண்டாம் பிரிவில். அன்றைய விதிப்படி மேல் பிரிவு அணி 85 ஸ்காலர்ஷிப் தரலாம், இவர்களுக்கு 63தான். ஆனால் அந்தப் பிரிவில் 2005லும் 2006லும் தேசிய சாம்பியன்கள் இவர்களே. ஜெயித்துப் பழகிய பையன்கள். மேல் பிரிவில் 5ஆம் இடத்தில் இருந்த அணியைப் பார்த்துக் கால் நடுங்க அவர்களுக்குக் காரணம் இல்லை.

தலைக்கனமா என்று கேட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிச்சிகனில் சாட் ஹென்னி, மைக் ஹார்ட், ஜேக் லாங் மூவரும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். சாம்பியன் பட்டம் வாங்காமல் போவதில்லை என்று கடைசி வருஷமும் தங்கியவர்கள். (லாங் மறுவருடம் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார்.) சிக்கல் தடுப்பு ஆட்டத்தில். முந்தைய சீசனின் கடைசி இரண்டு ஆட்டத்திலும் அடி: ஒஹாயோ ஸ்டேட்டிடம் 42-39, தெற்கு கலிஃபோர்னியாவிடம் 32-18. தடுப்பில் நின்ற நல்ல ஆட்கள் பலர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள்.

ஓட்டை இருந்தது. அதில் நுழைய ஆள் வேண்டுமே.

அப்பலாச்சியனின் பயிற்சியாளர் ஜெரி மூர் அப்போது அறுபதுகளில் இருந்தவர். அந்த வயதில் சில ஆண்டுகளுக்கு முன்புதான் தன் ஆட்டமுறையையே மாற்றியிருந்தார். பழைய ஆட்டத்தில் இரண்டு பக்கமும் நடுவில் குவிந்து முட்டிக்கொள்ளும், கனம் உள்ளவன் ஜெயிப்பான். புது முறையில் ஆட்களைக் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்துவார்கள். எதிரணியும் பரவித்தான் ஆகவேண்டும். இடைவெளி விழும். அங்கே கனத்துக்கு வேலையில்லை, கால் வேகத்துக்குத்தான் வேலை. குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர், அர்மான்டி எட்வர்ட்ஸ். ஒல்லியான பையன், பந்தை எறியவும் செய்வான், தானே தூக்கிக்கொண்டு ஓடவும் செய்வான். அவர்களின் முதல் டச்டவுனை, அதாவது பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்ததை, பாருங்கள். எட்வர்ட்ஸ் எறிந்தது குட்டிப் பாஸ்தான். டெக்ஸ்டர் ஜாக்சன் ஓடிக்கொண்டே நடுக்களத்தில் பிடிக்கிறார். அவ்வளவுதான், பிறகு யாரும் அவரைத் தொடவில்லை. 68 கெஜம். பாதி ஆட்டத்தில் 28-17 என்று விருந்தாளி முன்னால்.

இரண்டாம் பாதியில் மிச்சிகன் எழுந்தது. அடிபட்டு வெளியே இருந்த ஹார்ட் திரும்பி வந்து, நாலரை நிமிடம் மிச்சமிருக்கையில் 54 கெஜம் ஓடி 32-31 ஆக்கினார். அதன்பின் எட்வர்ட்ஸ் எறிந்த பந்தையும் மிச்சிகன் பிடுங்கிக்கொண்டது. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு ஃபீல்ட் கோல், மூன்று புள்ளி, முடிந்தது கதை. உதைத்தார்கள், தடுக்கப்பட்டது. இது முதல் உதை. அப்பலாச்சியன் கையில் கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட் ஒன்றுகூட இல்லாமல் 69 கெஜம் நகர்ந்து, 26 நொடி இருக்கும்போது ஜூலியன் ராவ்க் 24 கெஜத்திலிருந்து உதைத்தார். இரண்டாவது. 34-32. அப்போதும் மிச்சிகன் விடவில்லை, ஹென்னி 46 கெஜத்துக்கு ஒரு பாஸ் எறிந்து, ஆறு நொடி இருக்கும்போது 37 கெஜ உதை. மூன்றாவது. ஓரத்திலிருந்து கோரி லிஞ்ச் யாரும் தொடாமல் உள்ளே பாய்ந்து, உதைப்பவரின் முகத்துக்கு நேரே வந்து பந்தைத் தடுக்கிறார். தடுத்ததோடு நிற்காமல் அதையே பொறுக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறார். எதற்கு ஓடுகிறார் என்றே தெரியாது, நேரம் முடிந்துவிட்டது! அந்த ஓட்டத்துக்காகவே காணொளியைப் பின்னுக்குத் தள்ளி இரண்டு தடவை பார்த்தேன்.

நல்ல நேரமும் இருந்தது, மறுக்கமாட்டேன். ஒரே ஆட்டத்தின் முடிவில் இரண்டு உதை தடுக்கப்படுவது தினமும் நடப்பதில்லை. டச்டவுனுக்குப் பிறகு உதைத்து எடுக்கும் ஒற்றைப் புள்ளி போதாது, ஓடியோ எறிந்தோ இரண்டாக எடுக்கிறேன் என்று மிச்சிகன் இருமுறை போய் இருமுறையும் கோட்டை விட்டது. ஆனால் அடுத்த வாரம் ஓரிகன் வந்தது. அதுவும் களத்தைப் பரப்பி ஆடும் அணி. 39-7 என்று மறுபடி அடி. அதை எந்த நேரத்தில் சேர்ப்பீர்கள்?

தரவரிசைப் பட்டியல் போடும் அசோசியேட்டட் பிரஸ், இனி இரண்டாம் பிரிவு அணிக்கும் ஓட்டுப் போடலாம் என்று விதியைத் திருத்தியது. மிச்சிகன் 5ஆம் இடத்திலிருந்து பட்டியலை விட்டே காணாமல் போனது. பூனில் மாணவர்கள் தங்கள் சொந்த மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பத்தைப் பிடுங்கி, பல்கலைக்கழகத் தலைவர் வீட்டு முன்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆட்டம் நடந்தது பல நூறு மைலுக்கு அப்பால், பாவம் அந்தக் கம்பம் என்ன செய்தது?

இன்னொன்று. மூரின் ஆட்கள் இந்த ஆட்டமுறையைக் கற்றுக்கொள்ளப் போனது மேற்கு வர்ஜீனியாவில் பயிற்சியாளராக இருந்த ரிச் ரோட்ரிகெஸிடம். அந்த சீசன் முடிந்து மிச்சிகனின் பயிற்சியாளர் லாயிட் கார் ஓய்வு பெற்றதும் அவர் இடத்துக்கு மிச்சிகன் அழைத்து வந்தது யாரை? அதே ரோட்ரிகெஸை. முதல் வருடம் 3 வெற்றி, 9 தோல்வி.

கூலிக்கு ஆள் கூப்பிடும் வழக்கம் மட்டும் நிற்கவில்லை. 2022ல் 6ஆம் இடத்தில் இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம் 15 லட்சம் டாலர் கொடுத்து அதே அப்பலாச்சியனை அழைத்தது. 17-14, அப்பலாச்சியன்.

மருமகனிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். 2014ல் மிச்சிகன் இதே அணியை மறுபடி அழைத்து 52-14 என்று வென்றதே, அதை அந்த ஊரில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறாரா?