மஞ்சள் சளி, பத்தாம் நாள், சைனஸ்: கேள்வி பதில்

சேலத்தில் காது, மூக்கு, தொண்டை மருத்துவம் பார்க்கிறேன். மழை பிடித்தால் போதும், “எனக்கு சைனஸ் இருக்கு டாக்டர்” என்று வருபவர்கள் கூடிவிடுவார்கள். கேட்டவற்றில் சில இங்கே.

அஸ்தம்பட்டி வாசகி: எட்டு நாளாகச் சளி, மூக்கடைப்பு. இப்போது சளி மஞ்சளாகிவிட்டது. மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கலாமா டாக்டர்?

வேண்டாம்மா, இன்னும் இரண்டு நாள் பொறுங்க. சைனஸ் இல்லாத ஆளே கிடையாது. கன்னத்தில், நெற்றியில், கண்களுக்கு நடுவில், அதற்கும் பின்னால் என்று நாலு ஜோடி காற்றறைகள். அவற்றுக்குத்தான் அந்தப் பெயர். உள்சவ்வு வீங்கி, சளி வடிகிற சின்னத் துவாரம் அடைபட்டால் கனம், வலி எல்லாம் வரும். பெரும்பாலும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. நம் வெள்ளணுக்கள் சேர்ந்தாலே சளி மஞ்சளாகும், பச்சையாகும். அதனால் நான் நிறத்தைக் கேட்பதைவிட நாள் கணக்கைத்தான் கேட்பேன். 10 நாள் தாண்டியும் துளிகூடக் குறையவில்லையா? ஐந்தாறு நாளில் தேறி, மறுபடி காய்ச்சலும் வலியும் ஏறுதா? தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சலும் சீழ் மாதிரி சளியும் மூன்று நாளாக விடவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பாருங்க.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைத் தொழிலாளி: மூக்குச் சொட்டு மருந்து விடாமல் தூக்கமே வரதில்லை சார். எட்டு மாசமா விடறேன்.

உங்களை மாதிரி ஆட்களைச் சட்டைப் பையில் துருத்தும் குப்பியை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்! சைலோமெட்டாசொலின், ஆக்சிமெட்டாசொலின் சொட்டுகள் ஐந்து நாளுக்கு மேல் கூடாது. அதற்கு மேல் போனால், மருந்து இறங்கியதும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். அந்த அடைப்புக்கு மறுபடி சொட்டு. இந்தச் சுழலை உடைக்க ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதித் தருவோம். அது அன்றைக்கே கேட்காது, இரண்டு வாரமாவது ஆகும். அடிக்கும் விதமும் முக்கியம்: தலையைச் சற்றுக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், முனை வலது காதுப் பக்கம் பார்க்க அடிக்கணும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும். பட்டறை ஆசிட் புகையும் மூக்கை அரிக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. புகை வெளியேற ஃபேன் போடச் சொல்லுங்க. 12 வாரம் தாண்டிய அடைப்பு என்பதால் மூக்கை எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தே ஆகணும்.

ஏற்காடு வாசகர்: சேலத்துக்கு இறங்கும்போதெல்லாம் நெற்றியில் குத்துகிறது.

இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் நன்றாகக் கூடிவிடும். சளியால் துவாரம் அடைத்திருந்தால் அறைக்குள் அழுத்தம் ஈடாகாது, அதுதான் குத்தல். சளி பிடித்த நாளில் மட்டும் வந்தால் இந்தக் கதை. சளியே இல்லாமல், வெளிச்சம் கூசி, குமட்டி, ஒரு பக்கமாகத் துடித்தால் மைக்ரேனாக இருக்கலாம். அதை சைனஸ் என்று நம்பி வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓமலூர் வாசகி: ஆவி, நெற்றிப் பத்து, மூக்கு கழுவுவது, எது நல்லது?

கழுவுவது. கால் லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு. மேட்டூர்த் தண்ணீரோ போர்த் தண்ணீரோ, குழாயிலிருந்து நேராக வேண்டாம். கொதிக்க வைத்து ஆற்றியதுதான். மூளையைத் தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும், கேரளத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீங்க. நொச்சி ஆவி இதமாக இருக்கும், அவ்வளவுதான். குழந்தைகளுக்குப் பிடிக்காதீங்க, சட்டி கவிழ்ந்து வெந்துபோகும். நீர்க்கோவை மாத்திரைப் பத்தோடு எனக்குச் சண்டை இல்லை, கண்ணில் படாமல் போடுங்க.

ஆத்தூர் தந்தை: நாலு வயசுப் பையனுக்கு இடது மூக்கில் மட்டும் நாத்தச் சளி.

சைனஸ் இல்லை, புளியங்கொட்டையோ பாசிமணியோ உள்ளே இருக்கும்! நீங்களே தோண்டாதீங்க, இன்றே காட்டுங்க. பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே சவ்வை எரித்துவிடும். பெரியவர்களுக்கு இப்படி ஒரு பக்கம் நாறினால் நான் மேல் கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்ப்பேன். அதன் வேர் கன்ன சைனஸை ஒட்டியே இருக்கிறது.

அம்மாபேட்டை வாசகி: அம்மாவுக்குச் சர்க்கரை 350. நேற்றிலிருந்து கன்னம் மரத்திருக்கு, கண் வீங்கியிருக்கு. திங்கட்கிழமை வரலாமா?

படித்ததும் கிளம்புங்க. 2021-இல் பார்த்த கருப்புப் பூஞ்சை இப்படித்தான் தொடங்கும். கட்டுப்படாத சர்க்கரைதான் அதற்குத் தீனி. சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கண் வீக்கம், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, நெற்றிப் புடைப்பு எல்லாம் அவசரம்தான். மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்க. வண்டி இல்லையென்றால் 108. அம்மா போடும் சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துக்குங்க, கன்னம் மரத்திருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்க.