காலிங்பெல்லை முதலில் மாட்டுங்கள்

கேள்வி: என் மனைவி 800 மீட்டர் ஓட்டக்காரி. ஊக்கமருந்து சோதனைப் பட்டியலில் பெயர் இருக்கும் அளவுக்கு ஓடுகிறவள். மகளுக்கு 20 மாதம். பிரசவத்துக்குப் பிறகு இது இரண்டாவது சீசன். பழைய டைமிங் இன்னும் வரவில்லை. நான் வேலையைப் பாதி நேரமாக்கிக்கொண்டு குழந்தையைப் பார்க்கிறேன். பகல் தூக்கம் கலையக் கூடாது என்று காலிங்பெல்லைக்கூடக் கழற்றி வைத்திருக்கிறேன். கடவுள் நம்பிக்கை உள்ளவன். தினமும் அவள் ஜெயிக்க வேண்டும் என்றே வேண்டுகிறேன். அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆனாலும் உள்ளுக்குள் பொறுமை தீர்ந்துகொண்டே வருகிறது. நம்பிக்கையையும் பொறுமையையும் இழக்காமல் இருக்க என்ன வழி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: முதலில் காலிங்பெல்லை மாட்டுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பட்டியலில் இருக்கிறவர் ஒவ்வொரு நாளும் காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணிக்குள் ஒரு 60 நிமிடத்தைக் குறித்து, அப்போது எங்கே இருப்பார் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார். சோதனை அதிகாரி சொல்லாமல் வருவார். போன் போட்டு அழைக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் கதவு திறக்கவில்லை என்றால் அது தவறவிட்ட சோதனை. தவறவிட்ட சோதனையும், தகவல் கொடுக்காததும், தப்பாகக் கொடுத்ததும் சேர்ந்து 12 மாதத்தில் மூன்றானால் விதிமீறல். இரண்டு ஆண்டுத் தடை வரலாம். குழந்தை தூங்குகிறாள், பெல் கேட்கவில்லை என்ற சமாதானம் எடுபடாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரும் தாத்தா பாட்டி வீட்டுக்குக் கிளம்பினாலும், டயபர் பையைக் கட்டும்போதே இடம் மாறுவதை அவர் பதிந்துவிட்டாரா என்று கேளுங்கள்.

அப்படியே மருந்துப் பெட்டியையும் பாருங்கள். மூக்கடைப்புக்குக் கடையில் கிடைக்கும் பல மாத்திரைகளில் சூடோஎபிட்ரின் என்ற மருந்து இருக்கிறது. போட்டிக் காலத்தில் சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் மாட்டிக்கொள்வார். "என் வீட்டுக்காரர் கொடுத்தார்" என்று சொன்னாலும் பொறுப்பு அவர் தலையில்தான். உங்களுக்குச் சளி பிடித்தபோது வாங்கிய அட்டையை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

பெல்லைக் கழற்றியது அன்பினால்தான். சந்தேகமே இல்லை. ஆனால் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நொடியில் "ஐயோ, வேண்டாம்" என்றிருப்பார். உங்கள் பொறுமை முழுவதும் இதே மாதிரிதான் நடக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குப் பட்டது. கேட்காமல் செய்கிறீர்கள், சொல்லாமல் பொறுக்கிறீர்கள், உள்ளுக்குள் கணக்கு எழுதுகிறீர்கள். கடிந்து பேசாததைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். பேசவே இல்லை என்பதுதானே அதன் பொருள்?

பேச்சை எங்கே தொடங்குவது? கோச் போட்டிருக்கும் சீசன் அட்டவணையிலிருந்து. அதை வாங்கிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். பெரும்பாலான கோச்சுகள் இரண்டு மூன்று வாரம் சுமையை ஏற்றி, ஒரு வாரம் இறக்குவார்கள். சுமை வாரத்தில் அவர் சிடுசிடுப்பதும், சாப்பிட்ட தட்டோடு உறங்கிப்போவதும் உங்களை அலட்சியம் செய்வதாகத் தோன்றும். அட்டவணையைப் பார்த்தால் அது மூன்றாவது வாரம் என்று தெரியும். பணக் கவலை, உறவினர் வருகை, குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்துவது, தொட்டிலை மாற்றுவது எல்லாவற்றையும் சுமை இறக்கும் வாரத்துக்குத் தள்ளுங்கள். பெரிய போட்டிக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரம் பயிற்சி குறையும். "இப்போதுதான் வேலை குறைவாயிற்றே" என்று வீட்டு வேலையை அவர் மேல் ஏற்றத் தோன்றும். உடம்பு தேறுவதற்காக விட்ட இடைவெளி அது. அதில் கை வைக்காதீர்கள்.

வீட்டில் சண்டையின் வேர் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஆனாலும் நடுவில் எழுந்து அழும். முதல் பாதி நீ, மறு பாதி நான் என்று பிரித்தால் இருவர் இரவும் கெடும். முழு முழு இரவாகப் பிரியுங்கள். ஸ்பீடு ஒர்க் (வேகப் பயிற்சி) நாளுக்கு முந்தைய இரவும் அன்றைய இரவும் உங்களுடையவை. அவர் வேறு அறையில் கதவைச் சாத்திப் படுக்கட்டும். போட்டிக்கு முதல் நாள் இரவு படபடப்பில் எப்படியும் தூக்கம் வராது. அதனால் அதற்கும் முந்தைய இரண்டு மூன்று இரவுகளைக் காப்பாற்றிக் கொடுங்கள். பதிலுக்கு ஓய்வு நாளுக்கு முந்தைய இரவில் குழந்தை அவருடையது. அன்று நீங்கள் எழக் கூடாது. உங்கள் முறை வரும் முதல் சில இரவுகள் மகள் அம்மாவைக் கேட்டு அழுவாள். பக்கத்தில் இருந்து தட்டிக்கொடுங்கள். முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்துவிட்டு அப்புறம் அம்மாவை எழுப்பினால், நீண்ட நேரம் அழுதால் அம்மா வருவாள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். அடுத்த இரவு இன்னும் கடினமாகும்.

மனைவி பயிற்சி கேம்புக்குக் கிளம்பும்போது குழந்தையின் கண்ணில் படாமல் நழுவச் சொல்லாதீர்கள். அன்றைய அழுகை மிச்சமாகும். ஆனால் அடுத்த பத்து நாளும் அம்மா குளியலறைக்குப் போனாலே பிள்ளை அலறும். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு வரி, ஒரு முத்தம், ஒரு நிமிடத்தில் கதவு. வீடியோ காலைத் தூங்கும் நேரத்தில் வைக்க வேண்டாம். திரும்பி வந்ததும் மகள் அம்மாவிடம் போகாமல் உங்கள் காலைக் கட்டிக்கொள்ளலாம். இந்த வயதில் அது சகஜம். அதைப் பார்த்து மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷப்படாதீர்கள்; அறையிலேயே இருந்து, மெல்ல விலகுங்கள்.

சிறு குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு எட்டு முறை சளி பிடிப்பது வழக்கம். காப்பகத்துக்குப் போனால் இன்னும் அதிகம். போட்டிக்கு முந்தைய பத்து நாளில் மூக்கு துடைப்பதும், காய்ச்சலில் தூக்கிச் சுமப்பதும் உங்கள் வேலை. குழந்தையின் மிச்சத்தை அவர் சாப்பிட வேண்டாம்; முத்தம் உச்சந்தலையில் போதும். வாந்தி பேதி என்றால் சானிடைசரை நம்பாதீர்கள், சோப்பும் தண்ணீரும் 20 விநாடி.

இனி கடவுள். 800 மீட்டர் இறுதியில் குறைந்தது எட்டுப் பேர் நிற்கிறார்கள். எட்டு வீட்டிலும் யாரோ ஒருவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருக்கிறார். தங்கத்தை வேண்டினால், கிடைக்காத நாளில் உங்கள் கோபம் கடவுள் மேலும் திரும்பும், மனைவி மேலும் திரும்பும். இப்போது நடப்பது அதுதான். அதிகாலை 3 மணிக்கு மகள் நான்காவது முறை எழும்போது குரல் உயராமல் இருக்க வேண்டுங்கள். அந்த வேண்டுதலுக்கு நீங்களே பாதி பதில் தர முடியும். "உனக்காக எவ்வளவு வேண்டியிருக்கிறேன் தெரியுமா" என்று போட்டிக்கு முன் சொல்லாதீர்கள். அதையும் சுமந்துகொண்டுதான் அவர் ஓட வேண்டியிருக்கும். தோற்றுத் திரும்பினால் ஒரு நாள் முழுக்க ரேஸைப் பற்றிப் பேசாமல் மகளை மடியில் கொடுங்கள்.

"பிள்ளை பெற்ற மற்றவர்களெல்லாம் ஜெயிக்கவில்லையா" என்று உறவினர் கேட்பார்கள். 2009 யு.எஸ். ஓபனை டென்னிஸ் வீராங்கனை கிம் கிளைஸ்டர்ஸ் வென்றபோது மகளுக்கு 18 மாதம். ஜமைக்கா ஓட்டக்காரி ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் 2017இல் மகனைப் பெற்று, 2019இல் தோஹா உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டரை 10.71 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். இரண்டுமே உண்மை. ஆனால் அந்த வெற்றிகளை வைத்து உங்கள் வீட்டுக்குக் கெடு விதிக்க முடியாது. உடம்புக்கு உடம்பு வேறு. தசைக்காயமும் தூக்கமும் பாலூட்டிய மாதங்களும் வேறு. ஒலிம்பிக் கிராமத்தில் முதல்முறையாகக் குழந்தைகளுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியதே 2024இல், பாரிஸில்தான். அதுவரை உங்களைப் போன்ற ஒருவர் எங்கோ இருந்து பார்த்துக்கொள்வார் என்றே உலகம் நினைத்திருந்தது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோபம் குழந்தையின் பக்கம் திரும்புவதாகத் தெரிந்தால், அவளைப் பத்திரமாகத் தொட்டிலில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியே வந்து நில்லுங்கள். அழட்டும். பிடித்துக் குலுக்கிவிட்டால் பிஞ்சு மூளைக்குள் ரத்தம் கசியலாம். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, மனைவி தூங்க அனுப்பினாலும் தூக்கம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

வாரத்தில் இரண்டு முறை, இரண்டு இரண்டு மணி நேரம் உங்களுக்கு வேண்டும். அதை அட்டவணையில் பேனாவால் எழுதுங்கள். பென்சிலால் எழுதினால் அழிந்துவிடும்.

கடைசியாக ஒரு தேதி. சீசனின் கடைசி மீட் முடிந்து, இரண்டு வாரம் ஓய்வு கழிந்த பிறகு ஒரு நாள். டைமிங் எங்கே நிற்கிறது, உடம்பு என்ன சொல்கிறது, வீட்டுக் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும், உங்கள் வேலை எப்போது முழு நேரமாகும் என்று அன்று பேசி, இன்னொரு சீசனா இல்லையா என்று இருவரும் முடிவெடுங்கள். தோற்ற இரவில் இந்தப் பேச்சு வேண்டாம். பெல்லைக் கழற்றியதுபோல் தேதியையும் நீங்களே தனியாகக் குறித்துவிடாதீர்கள். கடைசி மீட் எது என்று அவருக்குத்தான் தெரியும்.